ஒரே ஆப்ஜெக்டை மறுபடி எழுதும்போது: ஜாவா குறிப்புகள்

1. சாக்கெட்டில் ஒரு ஆப்ஜெக்டை அனுப்பி, அதில் ஒரு மதிப்பை மாற்றி மீண்டும் அனுப்பினால், மறுமுனையில் பழைய மதிப்பே தெரிகிறதா? நெட்வொர்க்கைத் திட்ட வேண்டாம். ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம், தான் எழுதும் ஒவ்வொரு ஆப்ஜெக்டுக்கும் ஓர் எண் கொடுத்து அட்டவணையில் குறித்துக்கொள்ளும். அதே ஆப்ஜெக்ட் திரும்ப வந்தால் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காது. அந்த எண்ணை 5 பைட்டில் எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். தாயைச் சேயும் சேயைத் தாயும் சுட்டும் ஆப்ஜெக்டுகள் முடிவில்லாமல் சுழலாமல் இருப்பதும் இந்த அட்டவணையால்தான்.

2. ஃபிளஷ் இதற்கு மருந்தல்ல. தேங்கிய பைட்டுகளைத் தள்ளிவிடுவதோடு அதன் வேலை முடிந்தது.

3. மாறிய ஆப்ஜெக்டை எழுதுமுன் ரீசெட் அழையுங்கள். அட்டவணை காலியாகி, ஆப்ஜெக்ட் முழுதாகப் போகும். கூடவே கிளாஸ் விவரமும் மறுபடி போகும். சின்ன ஆப்ஜெக்டாக இருந்தால் சரக்கைவிடச் சாக்கு கனம். அதனால் தேவையில்லாமல் ஒவ்வொரு முறையும் அழைக்காதீர்கள். மறுமுனைக்கு இப்போது கிடைப்பது தனி ஆப்ஜெக்ட் என்பதும் நினைவிருக்கட்டும்.

4. ரைட்அன்ஷேர்ட் என்ற குறுக்குவழியை நம்பிக் கெட்டவர்கள் உண்டு. அது மேல்மட்ட ஆப்ஜெக்டை மட்டுமே புதிதாக எழுதும். ஒரு பில் ஆப்ஜெக்டையும் அதற்குள் ஒரு அரேலிஸ்ட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். பொருளைச் சேர்த்து, மொத்தத் தொகையை மாற்றி அனுப்பினால் தொகை புதிதாகவும் பட்டியல் பழையதாகவும் போய்ச் சேரும். முழுதும் பழையதாக இருந்தாலாவது உடனே கண்ணில் படும். இந்தப் பாதிப் பிழை இலேசில் அகப்படாது.

5. நாள்கணக்கில் திறந்தே இருக்கும் இணைப்பில் மெமரி ஏறிக்கொண்டே போனால், அட்டவணையைச் சந்தேகியுங்கள். எழுதிய ஆப்ஜெக்டுகளை அது பிடித்துவைத்திருப்பதால் கார்பேஜ் கலெக்டரால் தொட முடியாது. படிக்கும் பக்கத்திலும் இதே கதைதான். எழுதும் பக்கத்தில் அவ்வப்போது ரீசெட் அழைத்தால், ஸ்ட்ரீமில் போகும் ஒற்றை பைட் மறுமுனை அட்டவணையையும் காலி செய்யும்.

6. அட்டவணை ஈக்வல்ஸைப் பார்ப்பதில்லை. அதே ஆப்ஜெக்ட்தானா என்று மட்டுமே பார்க்கும். எனவே மாற்றம் வரும்போதெல்லாம் புது ஆப்ஜெக்ட் செய்து அனுப்புங்கள். உள்ளிருக்கும் பட்டியலையும் புதிதாக நகலெடுங்கள். எனக்கு இந்த வழிதான் பிடிக்கும். ஆனாலும் ஐந்தாம் குறிப்பை விட்டுவிட முடியாது.

7. அதே சாக்கெட்டில் ஒவ்வொரு முறையும் புது ஆப்ஜெக்ட்அவுட்புட்ஸ்ட்ரீம் திறக்காதீர்கள். ஒவ்வொன்றும் தன் 4 பைட் தலைப்பை எழுதும். பழைய ஸ்ட்ரீமிலேயே படித்துக்கொண்டிருக்கும் மறுமுனை ஸ்ட்ரீம்கரப்டட்எக்ஸெப்ஷன் வீசும்.