சராசரிக் கணக்கும் நடுக்கணக்கும்

கடையை விற்பவர், "நாளொன்றுக்குச் சராசரி ஆயிரம் வெள்ளி வியாபாரம்" என்று சொல்வார். அச்சொல்லில் பொய் இராது. ஆயினும் அதனை மட்டும் நம்பி முன்பணம் கொடுத்தவர் கையைச் சுட்டுக்கொள்ள நேரிடும். இது எவ்வாறு என்பதை ஆராய்வோம்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு சிறு மளிகைக் கடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதன் ஏழு நாள் விற்பனை வருமாறு: 410, 380, 450, 390, 430, 400, 4,540 வெள்ளி. கடைசி நாளன்று ஒரு கலியாண வீட்டார் மொத்தமாகச் சரக்கெடுத்தனர். கூட்டினால் 7,000, ஏழால் வகுத்தால் 1,000. ஆனால் ஆயிரம் வெள்ளிக்கு விற்ற நாள் இவற்றில் ஒன்றுகூட இல்லை! ஆயிரத்தை நம்பி ரொட்டியும் காய்கறியும் வாங்கி அடுக்கினால், பாதிக்குமேல் அழுகிப்போகும்.

இனி அதே தொகைகளைச் சிறியதிலிருந்து வரிசைப்படுத்துவோம்: 380, 390, 400, 410, 430, 450, 4,540. நடுவில் நிற்பது 410. இதனையே இடைநிலை அளவு என்பர். (எண்ணிக்கை இரட்டைப்படையானால், நடுவிலுள்ள இரண்டையும் கூட்டிப் பாதியாக்குக.) கலியாண வீட்டார் பத்தாயிரத்திற்கு வாங்கியிருப்பினும் இந்த 410 அசையாது, சராசரியோ மேலே ஏறிவிடும்.

ஏற்ற இறக்கத்தை அளப்பதிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இவ்வேழு நாட்களின் திட்ட விலக்கம் சுமார் 1,445 வெள்ளி. ஆயிரத்திலிருந்து இதனைக் கழித்தால், விற்பனை பூஜ்யத்திற்கும் கீழே போகிறது! இத்தகைய கணக்கில் கால்மானங்களைக் கூறுவதே தகும்: வரிசையில் இரண்டாவதும் ஆறாவதுமாகிய 390, 450. சாதாரண நாள் விற்பனை இவ்விரண்டிற்கும் இடையே நிற்கிறது.

நாட்டுக் கணக்கிலும் இதே நிலைதான். மலேசியப் புள்ளியியல் துறையின் 2022ஆம் ஆண்டு ஆய்வின்படி, கோலாலம்பூர்க் குடும்பங்களின் சராசரி மாத வருமானம் 13,325 வெள்ளி. இடைநிலை வருமானம் 10,234 வெள்ளி. சிலாங்கூரில் இவை முறையே 12,233, 9,983. பெருஞ்செல்வர் சிலருடைய வருமானம் சராசரியை மேலே இழுக்கிறது. கிள்ளானில் உணவுக்கடை திறப்பவர், சராசரியைக் கண்டு விலைப்பட்டியல் எழுதினால், நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டாத விலையைப் போட்டுவிடுவார்.

அப்படியானால் சராசரியைத் தள்ளிவிடலாமோ? கூடாது. மொத்தத்தை அறிய அதுவே வழி. ஆண்டு வருமானம், வரி, வாராக்கடனுக்கு ஒதுக்கும் பணம் ஆகியவற்றில் ஒரு பெரிய தொகையே வியாபாரத்தை வாழவைக்கவும் வீழ்த்தவும் கூடும். இடைநிலையை மட்டும் பார்ப்பவர் அந்தப் பெரிய தொகையை மறந்துவிடுவார்.

ஆகவே, கேள்வி எதுவோ அதற்கேற்ற அளவைக் கொள்க. "வழக்கமான நாள் எப்படி?" என்பதற்கு இடைநிலை, "மொத்தம் எவ்வளவு?" என்பதற்குச் சராசரி. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். வெகுவாக வேறுபட்டால், பேரேட்டைப் புரட்டி அந்தப் பெரிய தொகை எது, அது மீண்டும் வருமா என்று விசாரியுங்கள். கடையை வாங்குமுன் விற்பவரிடம் சராசரியைக் கேட்காமல் தினசரிச் சிட்டையையே கேளுங்கள். அரைமணி நேர உழைப்பு, ஆயுட்காலச் சேமிப்பைக் காக்கும்.