இதய ஸ்கேன்: யாருக்கு, எப்போது தேவை?

‘முழு உடல் பரிசோதனை, எக்கோ, டிரெட்மில் டெஸ்ட் எல்லாம் சேர்த்துச் சலுகை விலையில்!’ உங்கள் மொபைலுக்கும் இப்படி ஒரு மெசேஜ் வந்திருக்கும். தெரிந்தவர் யாருக்காவது திடீரென மாரடைப்பு வந்துவிட்டால், ‘நாமும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துடலாமே’ என்று தோன்றுவது இயல்புதான். ஆனால் தேவையில்லாத நேரத்தில் எடுக்கும் டெஸ்ட் வீண் பயத்தைத் தரும். தேவையான நேரத்தில் எடுக்காமல் விட்டால் உயிருக்கே ஆபத்து. இரண்டையும் பிரித்துப் பார்ப்பது எப்படி?

எந்த டெஸ்ட் எதைக் காட்டும்?

இசிஜி: இதயத்தின் மின் ஓட்டத்தைப் பதிவு செய்யும். இது ஸ்கேன் அல்ல. ஆனால் நெஞ்சுவலி என்று போனால் முதலில் எடுக்க வேண்டியது இதுதான்.

எக்கோ: ஒலி அலைகளால் எடுக்கப்படுவது, கதிர்வீச்சு கிடையாது. இதயம் எவ்வளவு வலுவாகச் சுருங்குகிறது, வால்வுகள் சரியாக மூடித் திறக்கின்றனவா என்று காட்டும். ரத்தக்குழாய் அடைப்பை இது நேரடியாகக் காட்டாது. ‘எக்கோ நார்மல், அதனால அடைப்பு இல்ல’ என்று பலர் நினைப்பது தவறு.

டிரெட்மில் டெஸ்ட்: நடக்க வைத்து, இதயத்துக்கு வேலை கொடுத்து, அப்போது இசிஜி எப்படி மாறுகிறது என்று பார்ப்பது.

தாலியம் ஸ்கேன் போன்ற அணு ஸ்கேன்: இதயத் தசையின் எந்தப் பகுதிக்கு ரத்தம் குறைவாகப் போகிறது என்று காட்டும். இதில் கதிர்வீச்சு உண்டு.

சிடி ஆஞ்சியோ: மருந்து செலுத்தி, ரத்தக்குழாய்களையே படம் எடுப்பது. இதிலும் கதிர்வீச்சு உண்டு. சிறுநீரகப் பிரச்சினை இருந்தாலோ, முன்பு இந்த வகை மருந்து ஒவ்வாமல் போயிருந்தாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் எந்த ஸ்கேனுக்கு முன்பும் சொல்லுங்கள்.

ஒரு சின்ன கணக்கு

ஒரு டெஸ்ட், அடைப்பு உள்ள 100 பேரில் 80 பேரைச் சரியாகக் கண்டுபிடிக்கிறது. அடைப்பு இல்லாத 100 பேரில் 20 பேருக்குத் தவறாக ‘சந்தேகம்’ என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம்.

எந்தத் தொந்தரவும் இல்லாத 1,000 பேருக்கு இதை எடுக்கிறோம். அவர்களில் 50 பேருக்கு மட்டுமே அடைப்பு என்றால், 40 பேர் சரியாகச் சிக்குவார்கள். மீதி 950 பேரில் 190 பேருக்குத் தவறான ‘சந்தேகம்’ வரும். ஆக, பயந்துபோகும் 230 பேரில் உண்மையான நோயாளி 40 பேர்தான்!

இப்போது, நடந்தால் நெஞ்சில் இறுக்கம், நின்றால் சரியாகிறது என்று சொல்லும் 1,000 பேரை எடுத்துக்கொள்வோம். அவர்களில் 500 பேருக்கு அடைப்பு என்றால், 400 பேர் சரியாகச் சிக்குவார்கள். தவறான ‘சந்தேகம்’ 100 பேருக்குத்தான். டெஸ்ட் ஒன்றுதான், மெஷினும் ஒன்றுதான். யாருக்கு எடுக்கிறோம் என்பதைப் பொறுத்து ரிசல்ட்டின் மதிப்பே மாறிவிடுகிறது.

தவறான ‘சந்தேகம்’ வந்தவர் சும்மா இருக்க முடியுமா? அடுத்த ஸ்கேன், அதற்கடுத்து ஆஞ்சியோகிராம், அதற்குக் கடன், தூக்கமில்லாத இரவுகள் என்று தொடரும். இதனால்தான் அமெரிக்க இதயநோய் மருத்துவர் கல்லூரி 2005 முதல், எந்தச் சூழலில் எந்த டெஸ்ட் பொருத்தமானது என்று 1 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து வழிகாட்டி வருகிறது. 7 முதல் 9 வரை பெற்றால் பொருத்தம். 1 முதல் 3 வரை என்றால் அரிதாகவே பொருந்தும்.

பெரும்பாலும் தேவைப்படும் சூழல்கள்

• நடந்தால், மாடி ஏறினால் நெஞ்சில் அழுத்தம் அல்லது மூச்சுத் திணறல்
• கால் வீக்கத்துடன் மூச்சு வாங்குதல்
• ஸ்டெதஸ்கோப்பில் டாக்டருக்கு மாறுபட்ட இதய ஒலி கேட்பது
• காரணம் தெரியாத மயக்கம்
• மாரடைப்புக்குப் பிறகு இதயத்தின் பலம் அறிய எக்கோ
• இதயத்தைப் பாதிக்கக்கூடிய சில புற்றுநோய் மருந்துகள் தொடங்கும் முன் எக்கோ

பெரும்பாலும் தேவைப்படாத சூழல்கள்

• தொந்தரவும் இல்லை, ஆபத்துக் காரணிகளும் குறைவு. ‘சும்மா பார்த்துக்கலாம்’ என்பதற்காக
• ஸ்டென்ட் வைத்து நன்றாக இருப்பவருக்கு வருடா வருடம் வழக்கமாக ஸ்ட்ரெஸ் ஸ்கேன்
• கண்புரை போன்ற ஆபத்து குறைந்த ஆபரேஷனுக்கு முன், இதயத் தொந்தரவு இல்லாதவருக்கு
• போன எக்கோ நார்மல், உடல்நிலையில் மாற்றமும் இல்லை. இருந்தும் மறுபடி எக்கோ

தொந்தரவு இல்லாதவர்கள் முதலில் பார்க்க வேண்டியது பிபி, சுகர், கொலஸ்ட்ரால். பிபி, சுகரை ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கலாம். ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்தும் பார்க்கிறார்கள். புகையை விடுவதற்கு எந்த ஸ்கேனும் ஈடாகாது.

டாக்டரிடம் கேட்க 4 கேள்விகள்

1. இந்த டெஸ்டில் எதைத் தேடுகிறோம்?
2. ரிசல்ட் எப்படி வந்தாலும் எனக்கான சிகிச்சை மாறுமா?
3. கதிர்வீச்சு இல்லாத, எளிமையான டெஸ்ட் போதுமா?
4. இப்போதே எடுக்கணுமா, காத்திருக்கலாமா?

கேட்கத் தயங்காதீங்க, இது உங்கள் உரிமை. பழைய ரிப்போர்ட், இசிஜி தாள் எல்லாவற்றையும் கையோடு கொண்டு போங்க. அவை இருந்தால் ஒரே டெஸ்டை இரண்டு முறை எடுக்க வேண்டியிருக்காது. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள், டாக்டர் சொன்ன டெஸ்ட் அதில் வருமா என்று 1800 425 3993 என்ற கட்டணமில்லா எண்ணில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

இதை மட்டும் மறக்காதீங்க

ஓய்வாக இருக்கும்போதே நெஞ்சில் அழுத்தம், இடது கை அல்லது தாடைக்குப் பரவும் வலி, குளிர்ந்த வியர்வை, திடீர் மூச்சுத் திணறல் வந்தால் ஸ்கேன் சென்டருக்குப் போக வேண்டாம், அப்பாயின்ட்மென்ட்டுக்கும் காத்திருக்க வேண்டாம். ‘கேஸ் ட்ரபுளா இருக்கும்’ என்று சோடா குடித்துவிட்டுப் படுக்கவும் வேண்டாம். உடனே 108-ஐ அழையுங்கள். சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் முதியவர்களுக்கும் சில நேரம் வலியே இல்லாமல், வியர்வையும் களைப்பும் மட்டும் வரலாம். அங்கே முதலில் தேவை ஒரு இசிஜியும் உடனடி சிகிச்சையும்தான். முதற்கட்ட மாத்திரைகள், ‘இதயம் காப்போம்’ திட்டத்தின் கீழ் ஆரம்ப சுகாதார நிலையங்களிலேயே இருக்கின்றன.

அவசரம் இல்லாத சந்தேகங்களுக்கு 104-ஐ அழைத்துக் கேட்கலாம். இந்த இரண்டு எண்களையும் இப்போதே உங்கள் மொபைலில் சேமித்து, வீட்டில் இருப்பவர்களுக்கும் சொல்லி வையுங்கள்.