கல்லாப்பெட்டியும் கைப்பேசிப் பணமும்

நம் ஜார்ஜ் டவுன் கடைத்தெருவிலே, கல்லாப்பெட்டிக்கு முன்னால் அந்தச் சதுரப் படம் நிற்காத கடை இப்போது அருமை. சூலியா தெருத் துணிக்கடை, பினாங்கு சாலை நாசி கண்டார் கடை, சந்தையோரத்து ஒட்டுக்கடை என்ற பேதமில்லை. வாடிக்கைக்காரர் கைப்பேசியை அதன் நேரே பிடிக்கிறார், தொகையை அழுத்துகிறார், "அனுப்பிவிட்டேன், பாய்" என்கிறார். நாமும் தலையசைத்துச் சாமானைக் கொடுத்துவிடுகிறோம். பணம் வந்ததா? எங்கே வந்தது? யார் பெயருக்கு வந்தது? இம்மூன்றுக்கும் நின்ற இடத்திலேயே பதில் சொல்லக்கூடிய முதலாளிகள் நம்மில் எத்தனை பேர்?

தொலைவிலிருந்து வரும் சேதியை நம்பி வியாபாரம் செய்வது நம்மவர்க்குப் புதிதன்று. 1870-71இல் சென்னையிலிருந்து பினாங்குக்கும், இங்கிருந்து சிங்கப்பூருக்கும் கடலடித் தந்திக் கம்பி போடப்பட்டது. அதுவரை அக்கரை விலையை அறியக் கப்பலின் வரவைப் பார்த்திருக்க வேண்டும். இன்றும் வங்காள விரிகுடாக் கேபிள் ஒன்று, ஓமானில் தொடங்கி மும்பை, இலங்கை, சென்னை ஆகிய கரைகளைத் தொட்டு நம் பினாங்கில்தான் வந்து ஏறுகிறது. பாதை பழைய பாதையே. ஆனால் ஒரு வித்தியாசம். தந்தி கடையின் பெயருக்கு வந்தது, காகிதத்தில் வந்தது, கணக்குப்பிள்ளை அதைக் கம்பியில் குத்தி வைத்தார். இப்போது வரும் சேதியோ யாரோ ஒருவருடைய சட்டைப்பைக்குள் போகிறது.

நிற்க. இந்தப் படம் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொள்வோம். படத்தில் பணம் இல்லை. ஒரு கணக்கின் அடையாளம் மட்டுமே இருக்கிறது. வாடிக்கைக்காரரின் கைப்பேசி அவ்வடையாளத்தைப் படித்து அவருடைய வங்கிக்குச் சொல்கிறது. அவ்வங்கி, பேநெட் என்னும் நாட்டின் பொதுக் கட்டமைப்பின் வழியே, நம் வங்கிக்குச் சொல்கிறது. நம் வங்கி வரவு வைத்து நமக்குச் சேதி அனுப்புகிறது. எல்லாம் சில விநாடிகளில் முடிகின்றன. டூயிட்நவ் 2018 டிசம்பரில் தொடங்கியது. 2019 முதல் அதன் பொதுப் படம் வழங்கி வருகிறது. ஒரே படத்தில் பல வங்கிகளின் பணமும் வரலாம் என்பதே இதன் சௌகரியம். தாய்லாந்துடன் 2021இலும், சிங்கப்பூருடன் 2023இலும் இணைப்பு ஏற்பட்டதால், ஹாட்யாயிலிருந்து வந்த பயணி தம் ஊர்க் கணக்கிலிருந்தே நம் கடையில் செலுத்த முடிகிறது. நாணய மாற்றுத் தொழிலிலுள்ள நம் சகோதரர்களுக்கு இது இனிப்பான செய்தியன்று என்பதையும் அறிவோம்.

இந்தச் சங்கிலியில் நமக்குரிய சாட்சி எது? கடைசிக் கண்ணியான நம் வங்கியின் சேதி ஒன்றுதான். வாடிக்கைக்காரர் தம் கைப்பேசியில் காட்டும் பச்சைக் குறி சாட்சியாகாது. பழைய ரசீதின் படத்தில் தேதியை மாற்றிக் காட்டுவது மோசக்காரனுக்குச் சிறுவேலை. கூட்டம் நெரியும் மதிய வேளையில் கடைப்பையன் கண்ணை ஓட்டிவிட்டு "சரி" என்று சொல்லிவிடுவான். அவனைக் குற்றஞ் சொல்லிப் பயனில்லை. வரவைக் குரலில் சொல்லும் சிறு பெட்டிகள் கிடைக்கின்றன. அது இல்லையேல், கடைக்கென ஒரு கைப்பேசியைக் கல்லாவில் வைத்து, சேதி வந்த பிறகே சாமான் கைமாற வேண்டும். இன்னொரு மோசமும் உண்டு. நம் படத்தின்மேல் வேறொரு படத்தை ஒட்டிவிட்டுப் போய்விடுவார்கள். நாள் முழுதும் நம் விற்பனைப் பணம் அந்நியன் கணக்குக்குப் போகும். காலையில் கடை திறந்ததும் படத்தை விரலால் தடவிப் பார்ப்பதும், ஒரு வெள்ளி அனுப்பி எந்தப் பெயர் தோன்றுகிறது என்று பார்ப்பதும் அரை நிமிஷ வேலை. நம் கணக்கிலிருந்தே பணம் களவு போனதாகத் தெரிந்தால், தாமதியாமல் வங்கிக்கோ 997 என்னும் மோசடித் தடுப்பு எண்ணுக்கோ சொல்ல வேண்டும்.

இதைவிட நம்மைக் கவலைக்குள்ளாக்குவது பெயர் விஷயம். கட்டணம் இல்லை, சுலபம் என்பதற்காகப் பல கடைகளில் முதலாளியின் மகன் கணக்கோ, மைத்துனர் கணக்கோ, நிர்வாகியின் சொந்தக் கணக்கோ படமாக நிற்கிறது. பத்து வெள்ளி, இருபது வெள்ளியாக இருந்த காலத்தில் இது தெரியவில்லை. பாதி விற்பனை அப்படியே வரத் தொடங்கியபின், கடைப்பணம் எது, அவர் வீட்டுப்பணம் எது என்று பிரிக்க யாரால் முடியும்? நிர்வாகி நாணயஸ்தராக இருக்கலாம். ஆயினும் அவர்மேல் சந்தேகம் விழும்படி வைப்பது அவருக்கே நாம் செய்யும் அநியாயம். கூட்டு வியாபாரத்திலோ கேட்கவே வேண்டாம். கணக்குக்குரியவர் மௌத்தாகிவிட்டால், சட்டப்படி உரிமை பெற்றவர் வரும்வரை வங்கி அப்பணத்தை நிறுத்தி வைக்கும். பங்காளியின் பங்கும் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். வாரிசுகளின் ஹக்கு எவ்வளவு, பங்காளியின் ஹக்கு எவ்வளவு என்று எழுத்தில்லாமல் எப்படிச் சொல்வது? திருக்குர்ஆனின் ஆக நீண்ட வசனம் கடனை எழுதி வைப்பதைப் பற்றியதே என்பது நம் வாசகர்கள் அறியாததன்று.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2023 நவம்பர் முதல் தேதியிலிருந்து வியாபாரிகளிடம் கட்டணம் பிடிக்கப்படும் என்ற செய்தி அக்டோபரில் வந்தபோது கடைத்தெருவில் பெரும் சலசலப்பு எழுந்தது. சிறு வியாபாரிகளுக்கு அதைத் தள்ளுபடி செய்வதாகப் பல வங்கிகள் அறிவித்தன. தள்ளுபடி வங்கியின் முடிவு. எப்போதும் நிற்கும் என்று எண்ணலாகாது. சொந்தக் கணக்கை வைத்துத் தப்பிக்கலாம் என்பது சில்லறைச் சாமர்த்தியம். 2024 ஆகஸ்ட் முதல் தேதியன்று, ஆண்டு விற்பனை 10 கோடி வெள்ளிக்கு மேற்பட்டவர்களிடம் தொடங்கிய மின் விலைப்பட்டியல் முறை, படிப்படியாகச் சிறிய வியாபாரங்களை நோக்கி இறங்கி வந்தது. தம் கடைக்கு அது பொருந்துமா என்பதைக் கணக்காளரிடம் கேட்டறிவது நல்லது. பேரேடு ஒன்று சொல்ல, மகனின் வங்கிக் கணக்கு வேறொன்று சொன்னால், வரி இலாகாவுக்கு எதைக் காட்டுவது?

இதனால் கைக்காசு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. "ரொக்கம் வாங்குவதில்லை" என்று பலகை மாட்டுவது நமக்குச் சம்மதமன்று. தினமும் காலையில் ரொட்டி வாங்க வரும் பெரியவர் கைப்பேசியைத் தடவத் தெரியாதவராக இருக்கலாம். அவருடைய காசும் காசுதான். இணைப்பு அறுந்துபோகும் நாளும் வரும். 2021 அக்டோபர் 4ஆம் தேதி வாட்ஸ்அப் உலகெங்கும் ஏறக்குறைய ஆறு மணி நேரம் நின்றது. நம் நாட்டில் அது நள்ளிரவை ஒட்டி நேர்ந்ததால், மொத்தக் கடைகளின் ஆர்டர்கள் பிழைத்தன. பகலில் நேர்ந்திருந்தால்? ஆகவே வாடிக்கைக்காரர்களின் தொலைபேசி எண்களை ஒரு குறிப்பேட்டிலும், சில்லறையைக் கல்லாவிலும் வைத்திருப்பது பழைய பழக்கமானாலும் விடத்தக்கதன்று.

கடையின் பெயரில் படம் பெற விரும்புவோர், எஸ்.எஸ்.எம். பதிவுச் சான்றையும் அடையாள அட்டையையும் எடுத்துக்கொண்டு தம் வங்கிக் கிளைக்குச் செல்ல வேண்டும். கூட்டு வியாபாரமானால் பங்காளிகள் அனைவரும் சேர்ந்து போவது உத்தமம். வரவுச் சேதி யார் யார் கைப்பேசிக்கு வரவேண்டும் என்பதை அன்றே முடிவு செய்துகொள்ளலாம். புதிய படம் மாட்டியதும், பழைய படத்தைக் கிழித்துப் போட மறக்கக் கூடாது.