மரச்சட்ட வேலிக்கு வர்ணம் பூசும் கருவிகள்

முள்வேலியும் உயிர்வேலியும் மிகுந்துள்ள கிராமங்களிலும், சங்கக் கட்டடம், பள்ளிக்கூடம், வீடு ஆகியவற்றைச் சேர்ந்த தோட்டங்களுக்கு மரச்சட்ட வேலி அமைக்கப்படுவதுண்டு. இவ்வேலி மழைக்காலத்தில் இற்றுச் சாயுமாயின், ஒரே இரவில் ஆடுமாடுகள் புகுந்து மூன்று மாத உழைப்பை மேய்ந்துவிடும். வர்ணம் பூசிய வேலியும் சில ஆண்டுகளில் இற்றுவிடுவதைக் கண்டு, வர்ணத்தின்மேல் குறை கூறுவோர் அநேகர். பூச்சு சேரவேண்டிய இடத்தில் அதைக் கொண்டு சேர்க்காத கருவியே பல சமயங்களில் இதற்குக் காரணமாகும்.

மரம் நீரை உறிஞ்சும் இடம்

பலகையின் பரந்த முகத்தைவிட, அறுத்த நுனியாகிய வெட்டுவாய் பன்மடங்கு விரைவாக நீரை உறிஞ்சும். மரத்தின் நார்த் துவாரங்கள் அங்கே திறந்திருக்கின்றன. அதற்கு அடுத்தபடியாக, குத்துச் சட்டமும் குறுக்குச் சட்டமும் சேரும் பொருத்துகளில் நீர் தங்கும். 100 அடி நீளமுள்ள வேலி ஒன்றை உதாரணமாகக் கொள்ளலாம். அதில் 3 அங்குல அகலமுள்ள குத்துச் சட்டங்கள் 3 அங்குல இடைவெளி விட்டு நிறுத்தப்பட்டிருந்தால், சட்டங்கள் 200. மேலும் கீழும் வெட்டுவாய்கள் 400. குறுக்குச் சட்டம் இரண்டாயின் பொருத்துகளும் 400. இந்த 800 இடங்களிலும் வர்ணத்தைச் செலுத்த வல்லதே வேலிக்கு ஏற்ற கருவியாகும்.

கருவிகளின் தராதரம்

1. புருசு. மேற்சொன்ன வேலைக்கு இதுவே முதன்மையானது. சட்டத்தின் அகலத்தைவிடச் சற்றுக் குறைந்த புருசு வேண்டும். 3 அங்குலச் சட்டத்திற்கு இரண்டரை அங்குலமும், பொருத்துகளுக்கு 1 அங்குலமும் போதும். எண்ணெய் வர்ணத்திற்குப் பன்றிமயிர்ப் புருசு சிறந்தது. நீரில் கரைக்கும் வர்ணத்தில் அம்மயிர் நீரை உண்டு துவண்டுவிடுமாதலால், அதற்கு நைலான் முதலிய செயற்கை இழையால் ஆனதை வாங்க வேண்டும். கடையிலேயே மயிரை மெல்ல இழுத்துப் பார்த்தல் நலம். கொத்தாகக் கழன்றால் அதை வாங்கலாகாது. உள்ளங்கையில் அழுத்திவிட்டால் மயிர் உடனே நிமிர வேண்டும்.

2. உருளை. இடைவெளியில்லாமல் பலகை அடித்த வேலிக்கு இது வேலையைச் சுருக்கும். சொரசொரப்பான மரத்திற்கு நீண்ட மயிருள்ள உருளை தேவை. இடைவெளியுள்ள சட்ட வேலியில் இது ஓரங்களுக்கும் வெட்டுவாய்களுக்கும் எட்டாது. உருளையால் பூசிய பலகையையும் ஈரம் காயுமுன் புருசால் ஒருமுறை தேய்த்துவிடுவது நல்லது.

3. தெளிப்புக் கருவி. மிக விரைவானது, ஆயினும் சட்டத்திற்குச் சமமான இடைவெளியுள்ள வேலியில், அடிக்கும் வர்ணத்தில் ஏறக்குறையப் பாதி அப்பால் சென்று செடிகளின்மேல் படியும். காற்று வீசும் நாளில் நஷ்டம் இன்னும் அதிகம். முகமூடியின்றி இதைக் கையாளுதல் கூடாது.

4. நாட்டுக் கருவிகள். நுனியை நசுக்கிய தேங்காய் மட்டையும் தாழை விழுதும் சுண்ணாம்பு அடிப்பதற்கும், மண்ணில் புதையும் கால்களுக்குத் தார் பூசுவதற்கும் போதியவை. மெல்லிய எண்ணெய் வர்ணத்தை இவற்றால் சீராகப் பரப்ப இயலாது.

பூசுமுன் வேண்டுவன

பழைய பூச்சைச் சுரண்டியால் நீக்கி, உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். இதில் ஓர் எச்சரிக்கை உண்டு. வீட்டு வர்ணங்களில் ஈயம் 10 லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கலாகாது என்னும் விதி இந்தியாவில் 2017 நவம்பர் 1 முதல் அமுலில் இருக்கின்றது. அதற்கு முற்பட்ட பூச்சில் ஈயம் மிகுந்திருக்கக் கூடும். ஈயத்தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சிக்குக் கேடு விளைப்பது. ஆகையால் அத்தகைய பூச்சை நீரால் நனைத்தே தேய்த்து, கீழே விரித்த துணியில் விழும் கழிவைச் சேர்த்து அகற்ற வேண்டும். குழந்தைகளை அவ்விடத்தில் அணுகவிடலாகாது.

மரம் உள்ளும் உலர்ந்திருக்க வேண்டுமாதலால், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்தபின் தை, மாசி மாதங்கள் இவ்வேலைக்கு ஏற்றவை. உச்சி வெயிலில் பூசினால் மேற்புறம் மட்டும் விரைந்து காய்ந்து கொப்புளம் எழும்.

சாயம் ஏற்றுவோருக்கு

மரத்தின் நிறமும் ரேகையும் தெரிய வேண்டுமென விரும்புவோர் வர்ணத்திற்குப் பதில் எண்ணெய்ச் சாயம் ஏற்றலாம். அது மரத்துள் ஊறுவதால் வர்ணம்போல் ஏடு ஏடாக உரியாது. நிறப்பொடி அடியில் தங்குமாதலால் அடிக்கடி கலக்கிப் புருசால் பூசி, மிகுந்ததைத் துணியால் துடைத்தெடுக்க வேண்டும். ஆளிவிதை எண்ணெய் கலந்த சாயம் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குவித்து வைத்தால், அது தானே சூடேறித் தீப்பற்றும். வேலை முடிந்ததும் அத்துணிகளைத் திறந்த வெளியில் தனித்தனியே விரித்து உலர்த்துக. அன்றேல் நீரில் மூழ்க வைக்கவும்.

சங்கம் செய்யத்தக்கது

ஆண்டில் இரண்டொரு நாளே பயன்படும் கருவிக்கு ஒவ்வொரு குடும்பமும் தனித்துச் செலவிட நேர்வதால், மலிவான புருசே வாங்கப்படுகின்றது. அது மயிர் உதிர்த்து, ஒரு வேலியோடு ஒழிந்துபோகும். சங்கத்தின் பொதுக்குழு தீர்மானித்து, இரண்டு அளவிலும் நல்ல புருசுகள், சுரண்டி, ஓர் உருளை ஆகியவற்றைப் பொதுவில் வாங்கி, பதிவேட்டில் குறித்து முறைப்படி இரவல் தரலாம்.

இத்திட்டம் நிலைப்பது புருசைக் கழுவுவதைப் பொறுத்தது. எண்ணெய் வர்ணம் தோய்ந்ததை மண்ணெண்ணெயிலும் பிறகு சோப்பு நீரிலும், நீர் வர்ணம் தோய்ந்ததை நல்ல நீரிலும், காயுமுன் கழுவ வேண்டும். மயிரை நேராக்கி, காகிதத்தில் சுற்றி, நுனி கீழ்நோக்கத் தொங்கவிட வேண்டும். மயிர் தரையில் ஊன்ற நிறுத்தினால் வளைந்துவிடும். கழுவாமல் ஓரிரவு விட்ட புருசு கட்டையாகிவிடும். மறுநாள் முறைக்குக் காத்திருக்கும் அங்கத்தினர் வெறுங்கையுடன் திரும்புவார். ஆகவே, கருவியைத் திரும்பப் பெறும் காரியதரிசி முதலில் புருசின் மயிரை விரித்து, அடிவரை சுத்தமாக இருக்கின்றதா என்று பார்த்த பின்னரே பதிவேட்டில் வரவு வைக்க வேண்டும்.