கல்மூங்கிற் செய்கை

யாழ்ப்பாணக் குடாநாட்டிற் புடலை, பாகல், வெற்றிலை ஆகியவற்றைச் செய்கைபண்ணுவோர், நேரான தடி கிடைப்பது எவ்வளவு அரிதென்பதை அறிவர். பனை வளையும் சலாகையும் தரும், பந்தற்றடி தராது. மூங்கில் குடாநாட்டுக்கு இயல்பான பயிரன்று. ஆயினும், இனத்தையும் இடத்தையும் அறிந்து நடுவோர் வளவின் ஒரு புறத்தில் இரண்டொரு புதர் வளர்த்துக்கொள்ளலாம்.

பேராதனைப் பூங்காவிற் பெருமூங்கிலைக் கண்டு வந்தோர் அதன் கன்றையே விரும்புவர். அது ஈரவலயத்துக்கே உரியது. ஹோட்டன் சமவெளியிலுள்ள சிறு மூங்கில்களோ குளிரையும் மூடுபனியையும் வேண்டுவன. நமக்கு ஏற்றது, இந்தியாவின் வறண்ட மலைச்சரிவுகளிற் புதராக வளரும் கல்மூங்கிலாகும். இது 25 முதல் 50 அடி வரை உயரும். தடியின் குறுக்களவு 1 முதல் 3 அங்குலம். ஈரம் மிகுந்தவிடத்து இதன் உட்டுளை விரியும். வறண்ட நிலத்திலோ உள்ளீடு நிறைந்து கல்போல் இறுகும். இதன் வேர்த்தண்டு குறுகியதாதலால் முளைகள் தாய்ப்புதரை ஒட்டியே எழும். அயல் வளவுக்குள் ஓடா. வேலி வழக்குகளை அறிந்த நமக்கு இது சிறிய ஆறுதலன்று. எனினும் தடிகள் வெளிப்புறமாகச் சாயுமாதலால் எல்லையிலிருந்து 10 அடியேனும் உள்ளே நடுக.

இடத்தைத் தெரிவதிலேயே பலர் தவறுவர். வலிகாமத்துச் செம்மண் நல்லதே. ஆனால் அதன் கீழுள்ள சுண்ணாம்புக்கல் எல்லா இடத்திலும் ஒரே ஆழத்தில் இல்லை. குழி வெட்டுமுன் அலவாங்கினால் நாலைந்து இடத்திற் குத்திப் பார்க்க வேண்டும். இரண்டடிக்குள் கல் தட்டுமாயின் அவ்விடத்தை விட்டுவிடுக. மாரியில் வெள்ளம் தேங்கும் பள்ளமும், கடனீரேரியை அடுத்த உவர்நிலமும் ஆகா. வெங்காயப் பாத்திகளுக்கு 20 அடிக்குள்ளும் நடலாகாது. மூங்கிலின் வேர் மேல்மண்ணிலேயே பரவிப் பசளையையும் நீரையும் கவர்ந்துகொள்ளும்.

குடாநாட்டில் ஆண்டுக்கு ஏறத்தாழ 50 அங்குல மழை பெய்கின்றது. இம்மூங்கிலுக்கு அது போதும். அதன் பெரும்பகுதி ஐப்பசி முதல் மார்கழி வரையிற் கொட்டித் தீர்வதே இடர். ஆகையால் முதலிரு கோடைகளிலும் கன்றுக்கு இறைப்பு இன்றியமையாதது. நமது கிணறுகளின் நன்னீர் உவர்நீருக்கு மேலே மிதந்து நிற்பதாகும். அளவுக்கு மிஞ்சி இறைத்தால் உவர் மேலெழும். கோடையில் தோட்டத்துக்கே நீர் போதாத கிணறுடையோர் மூங்கிலை எண்ணாதிருப்பது நன்று. மற்றையோரும் இரண்டு மூன்று புதருக்கு மேல் வைக்க வேண்டா.

புதிய விதை கிடைப்பின் அதனாற் கன்று எழுப்புவதே சிறந்தது. விதை நெடுநாள் முளைதிறனோடு இராது. கிடையாதவிடத்து, ஓராண்டுத் தடியை மூன்றடி உயரத்தில் வெட்டி, வேர்த்தண்டோடு பெயர்த்து நடலாம். அங்ஙனம் பெயர்க்குமுன் தாய்ப்புதரின் வயதை விசாரித்தறிக. கல்மூங்கில் பல ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும். முழுதும் பூத்த புதர் பட்டுப்போகும். பெயர்த்த கன்று தாயின் வயதையே உடையதாதலின், முதிர்ந்த புதரிலிருந்து எடுத்தது சில ஆண்டுகளிலேயே பூத்து மடிதல் கூடும்.

இரண்டடிச் சதுரமும் இரண்டடி ஆழமுமான குழியில் மாட்டெருவையும் மேல்மண்ணையும் கலந்திட்டு, ஐப்பசி முதல்மழையோடு நடுக. புதருக்குப் புதர் 15 அடி விடுக. மழை ஓய்ந்தபின் அடியிற் பனையோலை பரப்பி மூடினால் ஈரம் நிற்கும். கறையான் ஏறாது பார்த்துக்கொள்க. ஆடு மாடு கடியாதவாறு சுற்றி அடைத்தல் வேண்டும்.

ஐந்தாறு ஆண்டுகளின் பின் வெட்டத் தொடங்கலாம். முளை எப்பருமனோடு மண்ணை விட்டெழுகின்றதோ அப்பருமனே தடிக்கு என்றும் உண்டு. ஆகவே பருக்குமென்று காத்திருத்தல் வீண். மூன்று வயது நிரம்பிய தடிகளையே, கோடையில், நிலத்துக்கு ஓரடிக்குட்பட்ட கணுவுக்குச் சற்று மேலாக வெட்டுக. இளந்தடிகள் வெளிவட்டத்திலும் முதிர்ந்தவை நடுவிலும் நிற்குமாதலால், ஒரு பக்கத்தில் வழி திறந்து உட்சென்று வெட்டுதல் வேண்டும். எளிதென்று வெளித்தடிகளை வெட்டுவோர் அடுத்த ஆண்டின் முளையை இழப்பர். வெட்டிய தடிகளைக் கிடுகு பின்னும் ஓலையைப்போல் நீரில் அமிழ்த்தி, இரண்டு மூன்று கிழமை ஊறவிட்டு, நிழலில் நிறுத்தி உலர்த்துக. ஊறாத தடியிலுள்ள மாப்பொருளைத் தேடி வண்டு துளைத்து உளுக்கச் செய்யும்.