‘சொறியாதே’ என்று சொல்லும் முன்: கரப்பான் உள்ள பிள்ளையின் பெற்றோருக்கு ஐந்து படிகள்

பிள்ளைக்குக் கரப்பான் (எக்ஸிமா) என்றால் அந்த வீட்டில் காலையிலிருந்து இரவு வரை அதிகம் கேட்கும் சொல் ‘சொறியாதே’ என்பதுதான். அக்கறையில் பிறக்கும் சொல் அது. ஆனாலும் அதனால் அரிப்பு ஒருநாளும் நின்றதில்லை. அரிக்கும் இடத்துக்கு விரல் தானாகப் போகிறது. சொறியச் சொறியத் தோல் கிழிகிறது, அழற்சி கூடுகிறது, அரிப்பு முன்னிலும் அதிகமாகத் திரும்பி வருகிறது. இதற்கு நடுவே அதட்டலும் சேர்ந்தால் பிள்ளை சொறிவதை நிறுத்துவதில்லை. கதவுக்குப் பின்னாலும் போர்வைக்குள்ளும் ஒளிந்து சொறியப் பழகுகிறது. பெற்றோர் முதலில் தங்கள் பதற்றத்தைக் கவனித்து, பிறகு பிள்ளையிடம் பேசும் முறையை ‘மைண்ட்ஃபுல் பேரண்டிங்’ என்கிறார்கள். மருந்தின் இடத்தை அதனால் பிடிக்க முடியாது. மருந்து நாள் தவறாமல், சண்டையில்லாமல் தோலில் போய்ச் சேர அது வழி செய்யும் என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

‘அப்படியானால் பிள்ளையின் நோய்க்கு நாங்கள்தான் காரணமா?’ என்று ஒரு தாய் கேட்டால் அது நியாயமான கேள்வி. காரணம் நீங்கள் அல்ல. தோலின் மேலடுக்கை உறுதியாக வைத்திருக்க உதவும் ஃபிலாக்ரின் என்ற புரதத்தின் மரபணுவில் குறை இருப்பவர்களுக்குக் கரப்பான் வரும் வாய்ப்பு அதிகம் என்று 2006-இல் ஸ்காட்லாந்தின் டண்டி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். நோய் வருவது பெற்றோர் கையில் இல்லை. ஆனால் அந்த நோயோடு வீடு எப்படி வாழ்கிறது என்பதில் அவர்களுக்குப் பங்கு உண்டு. அதே 2006-இல் ஜெர்மனியில் வெளியான ஒரு பெரிய ஆய்வில், வாரம் இரண்டு மணி நேரம் வீதம் ஆறு வாரம் குடும்பங்களுக்கு வகுப்பு நடத்தினார்கள். களிம்பு பூசும் முறையோடு அரிப்பையும் மன அழுத்தத்தையும் கையாளும் வழிகளும் அதில் இருந்தன. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது, வகுப்பு கிடைக்காதவர்களைவிட இந்தப் பிள்ளைகளின் கரப்பான் நன்றாகக் குறைந்திருந்தது. இந்தப் பலன் முழுவதையும் மன அமைதியின் கணக்கில் எழுதிவிட முடியாது. ‘மைண்ட்ஃபுல் பேரண்டிங்’ முறையை மட்டும் தனியாகச் சோதித்த ஆய்வுகள் இன்னும் சிறியவையே. ஆனால் மருந்தையும் மனத்தையும் சேர்த்துக் கவனிப்பது பலன் தருகிறது என்று சொல்ல இந்தச் சான்று போதும்.

முதல் படி: ஒரு மூச்சு இடைவெளி

இரவில் பிள்ளை சொறியும் சத்தம் கேட்டதும் உங்கள் உடலில் என்ன நடக்கிறது என்று கவனியுங்கள். தாடை இறுகும். ‘நேற்று கருவாடு கொடுத்திருக்கக் கூடாதோ’, ‘இன்றைக்கும் தூக்கம் போச்சு’ என்று மனம் ஓடும். அந்த எண்ணத்தை விரட்ட வேண்டாம். ‘பயப்படுகிறேன்’ என்றோ ‘அலுத்துப்போயிருக்கிறேன்’ என்றோ மனதுக்குள் பெயர் சொல்லி, நீளமாக ஒரு மூச்சு விட்டு, அதற்குப் பிறகு பேசுங்கள். அதற்குள் தோல் புண்ணாகிவிடாதா என்று தோன்றலாம். அந்தச் சில நொடியில் தோலுக்கு வரும் கேடு சிறிது. பதற்றத்தில் வரும் அதட்டல் கிளப்பும் அழுகை அடங்க அரை மணி நேரம் ஆகும்.

இரண்டாம் படி: கைக்கு வேறு வேலை

‘செய்யாதே’ என்பதற்குப் பதில் என்ன செய்யலாம் என்று சொல்லிக்கொடுங்கள். ஸ்வீடனில் 1989-இல் வெளியான ஓர் ஆய்வு இதற்கு எளிய முறை ஒன்றைத் தந்தது: அரிக்கும்போது முஷ்டியை இறுக்கி முப்பது எண்ணும் வரை பிடிப்பது, பிறகும் அரித்தால் அந்த இடத்தைச் சொறியாமல் அழுத்துவது. அந்த ஆய்வு பெரியவர்களிடம் செய்யப்பட்டது என்றாலும், பள்ளி செல்லும் பிள்ளைகளுக்கும் இதைப் பழக்கலாம். சின்னக் குழந்தைக்கு நகத்தை ஒட்ட வெட்டிவிட்டு, அரிக்கும் இடத்தில் குளிர்ந்த ஈரத்துணியை வைத்து, கையில் ஒரு பொம்மையைக் கொடுங்கள். சொறியும்போது மட்டும் ஓடி வராமல், கை சும்மா இருக்கும் நேரத்தில் பக்கத்தில் போய் உட்காருங்கள். எப்போது அம்மாவும் அப்பாவும் திரும்பிப் பார்க்கிறார்கள் என்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கற்றுக்கொள்வார்கள்.

மூன்றாம் படி: களிம்பு நேரத்தைப் பேச்சு நேரமாக்குங்கள்

இதற்கெல்லாம் நேரம் ஏது என்று கேட்பவர்களுக்கான விடை இங்கே இருக்கிறது. குளிப்பாட்டிக் களிம்பு பூசும் நேரம் எப்படியும் செலவாகிறது. அந்தப் பத்து நிமிடம் செல்போனைத் தள்ளி வையுங்கள். துண்டால் தேய்க்காமல் ஒற்றியெடுத்து, ஈரம் காயுமுன் ஈரப்பதம் காக்கும் க்ரீமைத் தாராளமாகப் பூசுங்கள். ‘இன்றைக்கு எங்கே அதிகம் அரிக்குது? எந்தக் கையில ஆரம்பிக்கலாம்?’ என்று கேளுங்கள். ஸ்டீராய்டு களிம்புக்கு அளவு உண்டு: பெரியவரின் ஆள்காட்டி விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம், விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அளவுப் பரப்புக்கு அது போதும். ‘ஸ்டீராய்டு’ என்ற சொல்லைக் கேட்டுப் பயந்து பட்டும் படாமல் தடவினால் நோய் நீளும். மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய ஏதோ ஒரு ட்யூபை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும். மருத்துவர் சொன்ன அளவு, சொன்ன நாள், அவ்வளவுதான்.

நான்காம் படி: ஊர்ப் பேச்சுக்கு ஒரு பதில்

கத்தரிக்காய் கரப்பான் பண்டம், அதைக் கொடுக்காதே என்பார் பெரியம்மா. ஒட்டிக்கொள்ளுமா என்பார் பக்கத்து வீட்டுக்காரர். பெரியவர்களிடம் வாதாட வேண்டியதில்லை. ‘டாக்டரைக் கேட்டுக்கிட்டுச் செய்யறோம் பெரியம்மா’ என்று முடித்துவிடலாம். ஒவ்வாமை உறுதியாகாமல் உணவுகளை ஒவ்வொன்றாக நிறுத்தினால் வளரும் பிள்ளைக்குச் சத்துதான் குறையும். பிள்ளையின் தோலைப் பற்றி அதன் எதிரில் பிறரிடம் புலம்பாதீர்கள். ‘இது ஒட்டாது. என் தோல் சீக்கிரம் வறண்டுபோகும், அதனால அரிக்குது’ என்று பள்ளியில் சொல்லப் பழக்குங்கள். வகுப்பாசிரியரிடமும் அதையே சொல்லி வையுங்கள்.

ஐந்தாம் படி: இரவைப் பங்கிடுங்கள், எல்லையை அறியுங்கள்

தூங்காத தாய்க்குப் பொறுமையைப் போதிப்பது கொடுமை. ஒரு நாள் அம்மா, ஒரு நாள் அப்பா என்று இரவு முறை வைத்தால்தான் முதல் நான்கு படிகளும் நிலைக்கும். ஒருநாள் கத்திவிட்டால் மறுநாள் பிள்ளையிடம் ‘நேத்து அம்மா கோபப்பட்டுட்டேன், உன் மேல தப்பில்ல’ என்று சொல்லுங்கள். அமைதி என்ற பெயரில் நோயைச் சகித்துக்கொண்டிருக்கவும் கூடாது. புண்ணில் மஞ்சள் பொருக்கோ சீழோ கட்டினாலும், களிம்பை ஒழுங்காகப் பூசியும் தூக்கம் கெட்டுக்கொண்டே போனாலும் மருத்துவரிடம் போங்கள். வலியோடு சிறு கொப்புளங்கள் கூட்டமாக வந்து காய்ச்சலும் அடித்தால் அன்றைக்கே போக வேண்டும். வளர வளரப் பல பிள்ளைகளுக்குக் கரப்பான் தணிந்துவிடும். அதுவரை, தன் தோல் வீட்டாருக்கு ஒரு தொல்லை என்ற எண்ணம் பிள்ளையின் மனதில் படியாமல் பார்த்துக்கொள்வதும் சிகிச்சையின் பாதி.