கார் சாவிக்கு இவ்வளவு விலையா?

கேள்வி: என் காரின் இரண்டு சாவிகளில் ஒன்று தொலைந்துவிட்டது. கடைவீதியில் வெட்டி வாங்கிய சாவி கதவைத் திறக்கிறது, வண்டி கிளம்பவில்லை. ஷோரூமில் ஆயிரக்கணக்கில் கேட்கிறார்களே, ஏன்?
– வாசகி, பிரேசர் டவுன், பெங்களூரு

பதில்: கதவைத் திறப்பது உலோகப் பல். எஞ்சினுக்கு அனுமதி தருவது சாவியின் தலைக்குள் இருக்கும் சிப். இக்னிஷனைச் சுற்றியுள்ள காயிலிலிருந்து மின்சாரம் பெற்று அது தன் குறியீட்டைச் சொல்லும். வண்டியில் பதியாத சிப் என்றால், திருட்டைத் தடுக்கும் மின்னணுப் பூட்டான இம்மொபிலைசர் எஞ்சினைக் கிளம்ப விடாது. நீங்கள் கொடுக்கும் பணத்தில் அந்தப் பதிவு வேலைக்கும் பங்கு உண்டு.

சிப் இல்லாத பழைய சாவிக்குச் சில நூறு ரூபாய் போதும். சிப் சாவியும் ரிமோட்டோடு வரும் மடக்குச் சாவியும் ஆயிரங்களில் போகும். பட்டன் ஸ்டார்ட் வண்டியின் ஸ்மார்ட் கீ 10,000 ரூபாயைத் தாண்டுவதும் உண்டு.

ஒரு சாவி கையில் இருக்கும்போதே மற்றதைச் செய்துவிடுங்கள். இரண்டும் போனால் செலவு எகிறும். தொலைந்த சாவி பற்றிக் கர்நாடகக் காவல்துறையின் இ-லாஸ்ட் சேவையில் புகார் பதியுங்கள். பாலிசியில் சாவிக்கான கூடுதல் காப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். வண்டி திருடுபோனால் இன்ஷூரன்ஸ்காரர்கள் இரண்டு சாவிகளையும் கேட்பார்கள். புகார் நகலும் ரசீதும் அப்போது உதவும். புதுச் சாவியைப் பதியும்போதே, தொலைந்ததை நீக்கச் சொல்ல மறக்காதீர்கள்.